கால் வைக்கும் இடம்

என் மோட்டார் சைக்கிளின் ஃபுட்ரெஸ்டை ஒன்றேகால் அங்குலம் கீழேயும் இரண்டு அங்குலம் முன்னாலும் நகர்த்தியிருக்கிறேன். நெருப்பெரிச்சலில் ஒரு லேத் பட்டறையில் ஒன்றரை நாள் நடந்த வேலை. இதைப் பற்றி எழுதப்போகிறேன் என்றபோது, கவிதை எழுதுகிற நண்பர் ஒருவர், “சௌகரியத்தைப் பற்றி எழுத என்ன இருக்கிறது?” என்று கேட்டார். சௌகரியம் என்பது நம்மிடையே வெகு நாட்களாகவே ஒரு வசைச்சொல். சௌகரியமான எழுத்து, சௌகரியமான நிலைப்பாடு என்றெல்லாம் சொல்லி எத்தனையோ பேரைக் கீழே தள்ளியிருக்கிறோம். வாசகனை அசௌகரியப்படுத்துவது எழுத்தின் வேலைகளில் ஒன்று என்று நானும் நம்புகிறவன்தான். ஆனால் அசௌகரியத்தைச் சிலாகிக்கிறவர்கள் அநேகமாக நல்ல நாற்காலியில் உட்கார்ந்துதான் சிலாகிக்கிறார்கள். முழங்கால் வேறு பாஷை பேசுகிறது.

நெருப்பெரிச்சல் திருப்பூருக்கு வடக்கே, பெருமாநல்லூர் சாலையில் பூலுவபட்டியில் பிரிந்து உள்ளே போனால் வருகிற ஊர். 2011ல் மாநகராட்சியோடு சேர்க்கப்படும்வரை தனி ஊராட்சி. திருப்பூரைப் பற்றி வெளியூர்க்காரர்களிடம் ஒரு சித்திரம் இருக்கிறது: ஒரு வாசலில் நூல் உள்ளே போகும், மறு வாசலில் பனியன் வெளியே வரும். அப்படி எல்லாவற்றையும் ஒரே கூரையின்கீழ் வைத்திருக்கிற கம்பெனிகளும் உண்டு. மற்றபடி, நூல் ஒரு சந்தில் துணியாகிறது, ஊருக்கு மறு எல்லையில் சாயம் ஏறுகிறது, வேறெங்கோ காம்பாக்டிங். கட்டிங் ஒரு மாடியில், தையல் அடுத்த தெருவில், காஜா பட்டன் ஒரு வீட்டின் முன்னறையில். இந்த இடங்களுக்கு நடுவில் இருப்பது ரோடு. ரோட்டின்மேல் ஓர் ஆள், ஒரு வண்டி. ‘ஃபாலோ-அப்’ என்று அதற்குப் பெயர். துணி வந்துவிட்டதா, ஷேடு சரியா, மிச்சம் இரண்டு ரோல் எங்கே என்று கேட்டுக்கொண்டே ஒரு நாளைக்கு ஐம்பது அறுபது கிலோமீட்டர் ஓடுகிறவன். ஆர்டர் ஷீட்டில் அவனுக்கென்று ஒரு கட்டம் கிடையாது. நான் அந்த ஆள். பதினேழு வருஷமாக.

எங்கள் ஊர் டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டிகளைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வருவது சட்டென்று புரியும். கால் வைக்கவேண்டிய இடத்தில் துணி மூட்டை உட்கார்ந்திருக்கும். ஓட்டுகிறவன் இரண்டு காலையும் வெளியே அகட்டித் தொங்கவிட்டுக்கொண்டு, தவளை மாதிரி போவான். துணிக்கு முதல் இடம், காலுக்கு மிச்சம் இருந்தால் பார்த்துக்கொள்ளலாம். எனக்கு அந்தக் கஷ்டம்கூட இல்லை; என்னுடையது நூறு சி.சி. வண்டி, கால் வைக்க இடம் கொடுத்திருக்கிறார்கள். கொடுத்த இடம் என் காலுக்கானதல்ல என்பதுதான் பிரச்சினை. என் உயரம் ஆறடிக்கு ஓர் அங்குலம் குறைவு. சீட்டுக்கும் ஃபுட்ரெஸ்டுக்கும் நடுவிலுள்ள தூரம் இவ்வளவு என்று முடிவு செய்தவர் மனதில் வேறொரு மனிதன் இருந்திருக்கிறான். அவன் உட்கார்ந்தால் முழங்கால் அழகாக மடங்கும். நான் உட்கார்ந்தால் குந்தி உட்கார்ந்த மாதிரி ஆகிவிடுகிறது. முழங்கால் எவ்வளவு அதிகமாக மடங்குகிறதோ அவ்வளவுக்கு அதன் சில்லு தொடை எலும்பின்மேல் அழுந்துகிறது. மணிக்கணக்கில் அழுந்தினால், வண்டியை விட்டு இறங்கும்போது முதல் இரண்டு எட்டு நம்முடையதாக இருக்காது. மாடிப்படியில் ஏறுவதைவிட இறங்குவது கஷ்டம். கட்டிங் மாடியில் நடக்கிற ஊரில் இது சின்ன விஷயமல்ல.

எலும்பு டாக்டர் ஒருவர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, “வண்டி ஓட்டுவதைக் குறைத்துக்கொள்ளுங்கள்” என்றார். நல்ல மனிதர், பீஸ்கூட ஜாஸ்தி வாங்கவில்லை. எனக்கு வண்டியைக் குறைப்பதென்றால் சம்பளத்தைக் குறைப்பது, அல்லது சம்பளமே இல்லாமல் ஆவது. ஐம்பத்திரண்டு வயதில் திருப்பூரில் புதிதாக வேறொரு வேலைக்குப் போவதைப் பற்றி யோசித்துப் பார்த்தேன். செக்கிங் டேபிளில் நின்றுகொண்டே இருக்கவேண்டும். அதற்கும் முழங்கால்தான் வேண்டும். ஆகவே உடம்பை மாற்றுவதா, வண்டியை மாற்றுவதா என்று கேள்வி சுருங்கிவிட்டது.

கால் வைக்கும் இடத்துக்கும் சரித்திரம் உண்டு. 1960களில் இங்கிலாந்தில் டீக்கடைக்கு டீக்கடை பந்தயம் விட்ட பையன்கள் ஃபுட்ரெஸ்டைப் பின்னால் தள்ளிப் பொருத்தினார்கள். முதுகு குனிந்து, நெஞ்சு டாங்கின்மேல் படிந்து, காற்றைக் கிழித்துக்கொண்டு போவதற்காக. அமெரிக்காவின் நீண்ட நேர் ரோடுகளில் போகிறவர்கள் முன்னால் தள்ளினார்கள். சாய்வு நாற்காலியில் படுத்த மாதிரி. முன்னதில் பாரம் முழங்காலுக்கும் மணிக்கட்டுக்கும் போகிறது. பின்னதில் முழங்கால் பிழைக்கிறது, ஆனால் பள்ளம் வந்தால் காலை ஊன்றி எழுந்து நிற்க முடியாது. முழு அடியும் முதுகுத்தண்டின் அடியில் விழும். நமக்கோ பள்ளமும் வேகத்தடையும்தான் ரோடு. முன்னால் தள்ளலாம், ஆனால் எழுந்து நிற்க முடிகிற அளவுக்குமேல் தள்ளக்கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு சில அங்குலங்கள்தான் நம் சுதந்திரம்.

பட்டறைக்காரருக்கு முப்பது வயது இருக்கலாம். நான் அளவெல்லாம் போட்டு எழுதிக்கொண்டு போயிருந்த காகிதத்தை வாங்கி லேத்தின்மேல் வைத்து, பறக்காமலிருக்க ஒரு ஸ்பானரை அதன்மேல் வைத்தார். “அது இருக்கட்டுமுங்ணா. வண்டி மேல ஏறி உக்காருங்க” என்றார். மெயின் ஸ்டாண்டு போட்ட வண்டியில் உட்கார்ந்தேன். “ரோட்டப் பாக்கற மாதிரி நேராப் பாருங்க. காலப் பாக்காதீங்க.” எதிரே ரோடு இல்லை, சுவரும் ஒரு நூல் கடைக் காலண்டரும்தான். அவர் கீழே குந்தி, ஃபுட்ரெஸ்டை விட்டுவிட்டுத் தன் உள்ளங்கையை என் பாதத்தின் அடியில் கொடுத்தார். “மிதிங்க.” பிறத்தியார் உள்ளங்கையில் கால் வைத்து எனக்குப் பழக்கமில்லை, கூச்சத்தில் காலைத் தூக்கிக்கொண்டேன். “மிதிங்கண்ணா, அப்பத்தான் தெரியும்.” கையை மேலும் கீழும், முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டே போனார். நான் ‘இங்கே’ என்ற இடத்தில் உதவிக்கு இருந்த பையன் சாக்பீஸால் எஞ்சின்மேல் கோடு போட்டான். மூன்று தடவை அழித்து மூன்று தடவை. இடது காலுக்கும் வலது காலுக்கும் மூன்று மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தது. “எல்லாத்துக்குமே அப்பிடித்தானுங்” என்று சொல்லிவிட்டு எழுந்தார். அதன்பிறகுதான் காகிதத்தை எடுத்துப் பார்த்தார். கோட்டுக்கும் காகிதத்துக்கும் அதிக தூரமில்லை.

இம்மாதிரி வண்டிகளில் இரண்டு பக்கத்து ஃபுட்ரெஸ்டும் எஞ்சினுக்கு அடியில் குறுக்கே போகிற ஒரே இரும்புப் பட்டையின் இரண்டு நுனிகள்தான். நாலு போல்ட்டில் அது தொங்குகிறது. போல்ட்டுக்கு நடுவே புஷ் கொடுத்துப் பட்டை முழுவதையும் கீழே இறக்குவது சுலபமான வழி, அரை மணி நேர வேலை. அவர் மறுத்துவிட்டார். பட்டை இறங்கினால் வேகத்தடையில் வயிறு இடிக்கும். அதோடு சைடு ஸ்டாண்டும் அதே பட்டையில்தான் கோத்திருக்கிறது. பட்டை இறங்கினால் ஸ்டாண்டு உயரமானதுபோல் ஆகிவிடும், வண்டி இடது பக்கம் போதுமான அளவு சாயாமல் நிமிர்ந்து நின்று, ஒரு மூட்டையை ஏற்றினால் வலது பக்கம் விழும். ஆகவே நடுப் பட்டையைத் தொடாமல் இரண்டு நுனிகளையும் அறுத்தார். எட்டு மில்லிமீட்டர் கனத்தில் இரண்டு தகடு வெட்டி, துளை போட்டு, வெல்டிங்கை மட்டும் நம்பாமல் தலையில் 8.8 என்று பொறித்த போல்ட் இரண்டு இரண்டு கொடுத்து முடுக்கினார். புது ஃபுட்ரெஸ்ட், பழைய இரும்புக் கடையிலிருந்து வந்தது. எந்த வண்டியிலோ பின்னால் உட்காருகிறவர்களுக்காக இருந்த மடக்கு ஃபுட்ரெஸ்ட். ஏன் மடக்கு? இறக்கிய ஃபுட்ரெஸ்ட் திருப்பத்தில் வண்டி சாயும்போது தரையைத் தொடும். விறைப்பாக இருந்தால் அது தரையில் ஊன்றிப் பின் சக்கரத்தையே தூக்கிவிடும். மடங்குவதாக இருந்தால் உரசி, மடங்கி, எச்சரித்துவிட்டு மறுபடி கீழே வந்துவிடும்.

முடிந்ததென்று நினைத்தபோதுதான் வேலை ஆரம்பித்தது. கால் இரண்டு அங்குலம் முன்னால் போனதும் கியர் லீவர் பாதத்துக்கு அடியில் வந்துவிட்டது. லீவரை அதன் தண்டில் ஒரு பல் தள்ளி மாட்டிப் பார்த்தார். ஒரு பல் ஜாஸ்தி, அரைப் பல் கிடையாது. காய்ச்சி வளைத்து, நடுவில் அறுத்து, ஒரு துண்டு சேர்த்து நீட்டினார். பிரேக் பெடலையும் அப்படியே. பெடல் உயரம் மாறியதால் பிரேக் ராடின் நட்டைத் திருகவேண்டி வந்தது. பிரேக் லைட் ஸ்விட்ச் ஒரு சின்ன ஸ்ப்ரிங்கால் பெடலோடு கட்டியிருக்கிறது. அதைச் சரி செய்யாவிட்டால் பின்னால் சிவப்பு விளக்கு நாள் முழுவதும் எரியும், பின்னால் வருகிறவன் நம்மை நம்புவதை நிறுத்திவிடுவான். ஒரு காலை ஒன்றேகால் அங்குலம் இறக்கியதற்கு இவ்வளவும். ஒரு வரியில் ஒரு சொல்லை மாற்றிவிட்டு ஒரு ராத்திரி முழுக்க மற்ற வரிகளோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை; உவமையை இத்தோடு விட்டுவிடுகிறேன், இரும்புக்கு அது தேவையில்லை.

நீட்டிய பெடலுக்கு நெம்புகோல் பலம் கூடுதல். லேசாகத் தொட்டாலே பின் சக்கரம் பிடித்தது. ஒரு வாரம் கால் புதிதாகப் படிக்கவேண்டியிருந்தது. காலுக்கென்று ஒரு ஞாபகம் இருக்கிறது, மூளையைக் கேட்பதில்லை. பழைய புல்லட் ஓட்டியவர்களுக்கு இது தெரியும்: வலது காலில் கியர், இடது காலில் பிரேக். மற்ற வண்டியிலிருந்து அதற்கு மாறுகிறவன் ஆபத்து நேரத்தில் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதிப்பான். மைசூரில் 1996 வரை செய்துகொண்டிருந்த எஸ்டியில் கிக்கரும் கியரும் ஒரே தண்டுதான். உதைத்துவிட்டு மடக்கி முன்னால் தள்ளவேண்டும். அதை ஓட்டிய மாமா ஒருவர் சாகும்வரை எந்த வண்டியில் ஏறினாலும் ஒரு முறை இல்லாத தண்டைக் காலால் தேடிவிட்டுத்தான் கிளம்புவார்.

யாருடைய உடம்பை வைத்து அளவெடுத்தார்கள் என்ற கேள்வி இந்த ஒரு வாரத்தில்தான் எனக்கு ஸ்தூலமாக வந்தது. லெ கொர்புஸியே தன் ‘மாடுலர்’ அளவுமுறைக்கு முதலில் எடுத்துக்கொண்ட மனிதன் 175 சென்டிமீட்டர் உயரம். பிறகு அவனை 183 ஆக்கினார், சரியாக ஆறடி. இங்கிலீஷ் துப்பறியும் நாவல்களில் பார்க்க லட்சணமாக வருகிற ஆட்கள், போலீஸ்காரன் மாதிரியானவர்கள், எப்போதும் ஆறடி இருக்கிறார்களே என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. கொர்புஸியே தானே பதிவு செய்திருக்கிறார். அந்த நாவல் போலீஸ்காரனின் அளவை வைத்துத்தான் சண்டிகரில் கட்டினார். எனக்கு அநேகமாக அது பொருந்தும் ஊர். என் மனைவிக்குப் பொருந்தாது. அவள் நாலடி பதினோரு அங்குலம்.

நம் யாப்பிலக்கணக்காரர்கள் இந்த விஷயத்தில் அவ்வளவு மோசமில்லை. அடிகளுக்குக் குறளடி, சிந்தடி, அளவடி, நெடிலடி, கழிநெடிலடி என்று ஏன் பெயர் வந்தது என்பதற்கு யாப்பருங்கலக் காரிகையின் உரைகாரர் மனித உயரத்தையே காட்டுகிறார்: மிகக் குள்ளமானவன், அவனைவிடக் கொஞ்சம் வளர்ந்தவன், நடுத்தரமானவன், நெட்டையன், ரொம்ப நெட்டையன். ஐந்து பேருக்கும் யாப்பில் இடம் உண்டு. தொல்காப்பியம் இந்த அடிகளை எழுத்தெண்ணி வகுக்கும்போது அளவடிக்கு 10 முதல் 14 எழுத்து என்கிறது. அளவு என்று பெயர் வைத்துவிட்டு அதற்குள்ளேயே நாலு எழுத்து தாராளம். யாப்பை உதறிவிட்டு வந்தவர்கள் நாம். ‘தளை’ என்ற சொல்லை வைத்தே அதைப் போதுமான அளவு கிண்டல் செய்தாயிற்று. ஆனால் உதறியதில் இந்தத் தாராளமும் சேர்ந்து போய்விட்டதோ என்று எனக்குச் சந்தேகம். புதுக்கவிதை இத்தனை வரிக்குள், இத்தனை இறுக்கத்துக்குள் இருந்தால்தான் கவிதை என்று நம் பத்திரிகைகளிலேயே ஓர் எழுதப்படாத ஸ்பெக் ஷீட் இருக்கிறது.

ஸ்பெக் ஷீட் என்றதும் பனியன் ஞாபகம் வருகிறது. வெளிநாட்டு பையர் அனுப்புகிற அளவுப் பட்டியலில் மார்பு இவ்வளவு, நீளம் இவ்வளவு என்பதோடு, கூடக் குறைய இவ்வளவு போகலாம் என்று ஒரு கட்டமும் இருக்கும். அந்தக் கட்டம் இல்லாவிட்டால் திருப்பூரில் ஒரு பீஸ்கூடக் கப்பலேறாது. அதோடு பின்னலாடைத் துணி இழுபடுகிறது. நான்கு சைஸில் உலகத்து உடம்புகளையெல்லாம் அடக்கிவிடுகிறோம் என்றால் அது எங்கள் சாமர்த்தியம் அல்ல, நூலின் வளையங்கள் விட்டுக்கொடுப்பதால். இரும்பு விட்டுக்கொடுப்பதில்லை. இரும்பில் விட்டுக்கொடுக்கவேண்டியது உடம்புதான், அது எலும்பிலிருந்து கொடுக்கிறது.

முன்பு இப்படி இல்லை, மேழியின் பிடியை உழுகிறவனின் இடுப்பு பார்த்து ஆசாரி செதுக்கிக் கொடுத்தார், குழித்தறியில் குழியை நெய்கிறவனின் கால் பார்த்துத் தோண்டினார்கள் என்று சொல்லத் தோன்றுகிறது. சொல்வது உண்மையும்கூட. ஆனால் அந்தப் பொற்காலத்துக்குள் முழுக்கப் போக எனக்கு இஷ்டமில்லை. ஆசாரி எல்லோருடைய வாசலுக்கும் போய் அளவெடுக்கவில்லை. காலில் செருப்பு போடக்கூடாத ஜனங்களும், சைக்கிளில் ஏறிப் போகக்கூடாத தெருக்களும் இதே கொங்கு நாட்டில் இருந்தன. கம்பெனியில் செய்து வந்த வண்டிக்கு என் உயரம் தெரியாது. என் ஜாதியும் தெரியாது. இதில் இரண்டாவதற்காக முதலாவதை நான் மன்னித்துவிடலாம் என்றுகூடச் சில சமயம் தோன்றும், முழங்கால் வலிக்காத சமயங்களில்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பார்கள். 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததற்கு மாறாகும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் ஒரு வழக்கில் இதைக் கண்டிப்பாகவே சொல்லியிருக்கிறது. என் பதிவுச் சான்றை எடுத்து வரி வரியாகப் படித்தேன். எஞ்சின் எண், சேஸிஸ் எண், நிறம், எத்தனை பேர் உட்காரலாம், இரண்டு சக்கரத்துக்கும் நடுவிலுள்ள தூரம்கூட இருக்கிறது. கால் வைக்கும் இடம் இல்லை. உடல் ஊனமுள்ளவர்களுக்காக வண்டியை மாற்றிக்கொள்ள அதே சட்டம் தனியாக வழி விட்டிருக்கிறது. நல்ல விஷயம். ஆனால் அதற்கு அர்த்தம், ஊனமென்று சான்றிதழ் வாங்காத உடம்புகளெல்லாம் ஒரே உடம்பு என்பதுதான்.

விசித்திரம் என்னவென்றால், கால் வைக்கும் இடத்தைப் பற்றிச் சட்டம் ஒரே ஓர் இடத்தில் மிகுந்த அக்கறையோடு பேசுகிறது. 1989ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆவது, பின்னால் உட்காருகிறவர் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி, ஒரு ஃபுட்ரெஸ்ட், துணி சக்கரத்தில் சிக்காமலிருக்கப் பின் சக்கரத்தில் பாதியையாவது மறைக்கிற தடுப்பு என்று மூன்றையும் கட்டாயமாக்கியிருக்கிறது. நாம் சாரி கார்டு என்கிறோமே, அது. ஒரு நாட்டின் இயந்திர விதிக்குள் புடவை நுழைந்த இடம் என்று இதை நான் மதிக்கிறேன். ஒரு பக்கமாக உட்காருகிறவர்களுக்காக அந்தத் தடுப்பின்கீழ் ஒரு பலகையும் இருக்கும், இரண்டு பாதத்தையும் சேர்த்து வைக்க.

பட்டறையில் வண்டியைத் திரும்ப எடுக்கப் போன அன்று மனைவியும் கூட வந்திருந்தாள், பூலுவபட்டியில் ஒரு கல்யாணத்துக்குப் போகவேண்டியிருந்ததால். நான் உட்கார்ந்து பார்த்தேன். தொடை நீண்டது, முழங்கால் திறந்தது. வேறு வார்த்தை கிடைக்கவில்லை. அவள் பின்னால் ஒரு பக்கமாக ஏறிக்கொண்டாள். பட்டறைக்காரர் எங்களை வழியனுப்புகிற மாதிரி நின்றவர், “அக்கா, செத்த இருங்க” என்று குனிந்தார். அவளுடைய பாதங்கள் பலகையைத் தொடவில்லை. விரல் நுனி மட்டும் படிந்து, குதிகால் அந்தரத்தில் இருந்தது. இருபத்தாறு வருஷமாக, மூன்று வண்டிகளில், வேகத்தடை வரும்போதெல்லாம் அவள் என் தோளை இறுக்கிப் பிடிப்பது பயத்தினால் என்றுதான் நான் கேலி செய்துவந்திருக்கிறேன். அவளும் பயம் என்றே ஒத்துக்கொண்டு வந்திருக்கிறாள். அவர் அவளிடம் உள்ளங்கையைக் கொடுக்கவில்லை. ஒரு மரக்கட்டையைப் பலகையின்மேல் வைத்து, அதன்மேல் இன்னொன்றை வைத்து, “எட்டுதுங்களாக்கா?” என்று கேட்டார். இரண்டாவது கட்டையில் குதிகால் உட்கார்ந்தது. இரண்டே முக்கால் அங்குலம்.

கல்யாணத்துக்கு ஆட்டோவில் போனோம். மறுநாள் வண்டி வந்தது. என்னுடையது கீழே போயிருக்கிறது, அவளுடையது மேலே வந்திருக்கிறது. இப்போது வேகத்தடையில் என் தோளில் அவள் கை லேசாகத்தான் இருக்கிறது. சில சமயம் கையே இல்லை, திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன். பதிவுச் சான்றின் 15 வருஷம் இன்னும் இரண்டு வருஷத்தில் முடிகிறது. புதுப்பிக்க வண்டியை அலுவலகத்தில் கொண்டுபோய்க் காட்டவேண்டும். இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்து, இதெல்லாம் என்ன என்று கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். “கேட்டா என்னையுங் கூட்டிட்டுப் போங்க. நா ஏறி உக்காந்து காட்டறேன்” என்கிறாள்.